9.8 வராவிட்டாலும் மதிப்பெண் தாருங்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கும், செய்முறைத் தேர்வு நடத்தும் அக, புறத் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

அடுத்த முறை பிராக்டிகல் தேர்வுக்கு லேபுக்குள் வரும்போது, தனி ஊசல் சோதனை எழுதிய ரெக்கார்ட் நோட்டுகளில் பத்தை எடுத்துக் கடைசி வரியில் உள்ள ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பை, மட்டும் பாருங்கள். 9.8, 9.81, 9.79, 9.80 என்று இருக்கும். பிறகு அட்டவணைக்குப் போய் 'எல் பை டி ஸ்கொயர்' (ஊசல் நீளத்தை அலைவு நேரத்தின் இருமடியால் வகுத்தது) பத்தியைப் பாருங்கள். ஐந்து நீளத்துக்கும் 0.248, 0.248, 0.248 என்று ஒரே எண் வரிசையாக இறங்கும். கையால் ஸ்டாப் கிளாக்கை அழுத்தி எடுத்த ரீடிங் இப்படி வராது. ஒரு மீட்டர் ஊசலுக்கு இருபது அலைவு ஏறக்குறைய 40 வினாடி. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் விரல் 0.1, 0.2 வினாடி முன்பின் போகும். அது அலைவு நேரத்தில் அரை சதவீதம், அதை இருமடியாக்கினால் ஒரு சதவீதம். ஒழுங்காகச் செய்த மாணவியின் பத்தி 0.245, 0.249, 0.247 என்றுதான் ஆடும். ஆடாத பத்தி பின்னாலிருந்து எழுதிய பத்தி.

எழுதும் விதமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜி என்பது எல் பை டி ஸ்கொயரின் நான்கு பை ஸ்கொயர் மடங்கு. அதனால் 9.8ஐ நான்கு பை ஸ்கொயரால் வகுத்தால் 0.2482. நீளத்தை இதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இருபதால் பெருக்கினால் 'ரீடிங்' தயார்: 100 செ.மீ.க்கு 40.14 வினாடி, 80 செ.மீ.க்கு 35.90. கையில் கால்குலேட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இதைப் பிள்ளைகளின் நேர்மைக் குறைவு என்று பேசி முடித்துவிடுவது நமக்கு வசதி. 'ரிசல்ட்' என்று தலைப்பிட்டு, புத்தக எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் முழு மதிப்பெண், தள்ளிப்போனால் பாதி என்று திட்டம் போட்டவர்கள் நாம். எதற்கு மதிப்பெண்ணோ அதை அவர்கள் செய்து கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊரில் ஜி 9.8 கூட இல்லை. புதுச்சேரியும் கடலூரும் வட அட்சம் 12 பாகைக்குச் சற்றுக் கீழே, கடல் மட்டத்தில் இருக்கின்றன. இங்கே ஜி 9.78. மாணவர்கள் பாடுபட்டு வரவழைக்கும் 9.81 பாரிசுக்கும் லண்டனுக்கும் உரிய எண். இந்த வித்தியாசம் நுணுக்கக்காரர்களின் வம்பு என்று தள்ளவும் முடியாது. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம், நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. வினாடி ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டிச் சுருக்கிய பிறகே நேரம் சரியானது. பூமி துருவத்தில் தட்டையாக இருக்கிறது என்ற வாதத்துக்கு நியூட்டனுக்குக் கிடைத்த சான்றுகளில் அது ஒன்று. ரிஷே தன் கடிகாரத்தைப் பாரிஸ் எண்ணுக்கு 'சரிசெய்து' எழுதியிருந்தால் அந்தச் செய்தியே நமக்கு வந்திருக்காது.

தண்ணீரின் பாகியல் எண், அதாவது பாய்வதற்கு அது காட்டும் தடை, இதைவிட மோசம். புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் இருப்பது 20 டிகிரி செல்சியஸுக்கான எண், ஏறக்குறைய 1.00 மில்லிபாஸ்கல் வினாடி. நம் லேபில் 20 டிகிரி எந்த மாதத்தில் இருக்கிறது? 30 டிகிரியில் உண்மையான அளவு 0.80. அதாவது, ஒழுங்காகச் செய்த மாணவருக்குப் புத்தகத்திலிருந்து இருபது சதவீதம் தள்ளித்தான் விடை வர வேண்டும். 1.00 என்று கொண்டுவருபவர், ஒன்று தவறாகச் செய்திருக்கிறார், அல்லது செய்யவே இல்லை. அவருக்குத்தான் இப்போது முழு மதிப்பெண். குண்டு விழும் வேகத்திலிருந்து பாகியல் எண் காணும் ஸ்டோக்ஸ் முறைக்கு ஆமணக்கெண்ணெய் வைக்கிறோமே, அது 20 டிகிரியிலிருந்து 30க்குப் போவதற்குள் பாதிக்கும் கீழே இளகிவிடும். தெர்மாமீட்டரை ஜாடிக்குள் விடாமல் செய்யும் அந்தச் சோதனையின் விடைக்குப் பொருளே இல்லை. ஆனாலும் அட்டவணையில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் கூட இல்லாத ரெக்கார்டுகள்தான் கையெழுத்தாகிப் போகின்றன.

எங்கள் முதல் கோரிக்கை சின்னது. விடை புத்தக எண்ணோடு பொருந்துவதற்கு என்று தனியாக ஒரு மதிப்பெண்ணும் வைக்காதீர்கள். விடையோடு அதன் முன்பின் அளவை, அதாவது விடை எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதை, கேளுங்கள். '9.70, முன்பின் 0.10' என்று எழுதி, அந்த 0.10 எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரியில் சொல்லும் மாணவர், வெறும் 9.81 எழுதியவரைவிட இயற்பியல் தெரிந்தவர். முன்பின் அளவையும் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஸ்டாப் கிளாக் 0.01 வினாடி காட்டுகிறது என்பதற்காக நேரத்தின் பிழை 0.01 என்று எழுதுவார்கள். கருவி காட்டும் மிகச் சிறிய அளவான மீச்சிற்றளவு வேறு, நம் கையின் தடுமாற்றம் வேறு. ஒரே நீளத்துக்கு இருபது அலைவை ஆறு முறை எடுக்கச் சொல்லி, ஆறு எண்ணும் எவ்வளவு பரவுகின்றன என்று பார்க்க வைத்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

பொருளின் விறைப்பை அளக்கும் யங் குணகச் சோதனையில் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் உழைப்பு தவறான இடத்தில் கொட்டப்படுவது அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. சீரற்ற வளைவு முறை: நடுவில் எடை தொங்கும் சட்டம், அதில் ஒரு குண்டூசி, அதன் இறக்கத்தைப் பார்க்க நகரும் நுண்ணோக்கி. சட்டத்தைத் தாங்கும் கத்தி விளிம்புகளுக்கு நடுவே 70 செ.மீ., மரச்சட்டம் 2.5 செ.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். தேக்கு போன்ற மரமானால் 50 கிராமுக்கு ஊசிமுனை முக்கால் மில்லிமீட்டர் அளவு இறங்கும். நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. இரண்டு ரீடிங்கைக் கழிப்பதால் முன்பின் 0.014 என்று கொண்டால், ஒரு படிக்கு இரண்டு சதவீதம். அடுத்தடுத்த படிகளைக் கழிக்காமல், 200 கிராம் இடைவெளியில் கழித்தால் இறக்கம் 3 மி.மீ.க்கு மேல், பிழை அரை சதவீதம். இது வரை பெரும்பாலான கல்லூரிகளில் சொல்லித்தருகிறோம்.

ஆனால் சூத்திரத்தில் தடிமன் முப்படியாக வருகிறது. திருகு அளவியின் 0.01 மி.மீ.யை மட்டும் பார்த்தால் ஆறு மில்லிமீட்டரில் அது ஒன்றுமில்லை. சட்டமோ தச்சர் இழைத்தது, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 0.1 மி.மீ. வித்தியாசம் எளிதாக இருக்கும். 0.1 என்பது 1.7 சதவீதம், முப்படியில் ஐந்து சதவீதம். நுண்ணோக்கியில் கண் வலிக்க வலிக்க இரண்டு மணி நேரம் உழைத்துச் சேர்த்த துல்லியமெல்லாம், தடிமனை ஓரத்தில் ஒரே இடத்தில் மூன்று முறை அளந்ததில் போய்விடும். சட்டத்தின் நீளம் முழுக்கப் பத்து இடத்தில் தடிமன் எடுக்க ஐந்து நிமிடம் போதும். 'எந்த அளவு உன் விடையை அதிகம் ஆட்டும்?' என்று சோதனை தொடங்குமுன் கேட்டால் இது தானாக வெளிவரும். முடிந்தபின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் பதில் மனப்பாடமாக வரும், பயன் இல்லை.

அதே சோதனையில் இன்னொரு பழைய நோய்: எடையை ஏற்றும்போது ஒரு ரீடிங், இறக்கும்போது வேறு ரீடிங். மரம் மீளவில்லை என்று எழுதிவிடுவார்கள். சில நேரம் அது உண்மைதான். ஆனால் திருகுக்கும் மரைக்கும் நடுவே உள்ள தளர்ச்சியைத்தான், அதாவது பேக்லாஷை, முதலில் சந்தேகப்பட வேண்டும். ஏற்றும்போது திருகை ஒரு பக்கம், இறக்கும்போது மறுபக்கம் திருப்பினால் அந்தத் தளர்ச்சி முழுக்க ரீடிங்கில் ஏறும். எப்போதும் ஊசிமுனையைத் தாண்டிப் போய், ஒரே திசையிலிருந்து திரும்பி வந்து குறுக்குக்கம்பியைத் தொட வைக்க வேண்டும். இது கையில் இருக்க வேண்டிய பழக்கம். காகிதத்தைப் பார்த்து இதற்கு மதிப்பெண் போட முடியாது.

ஆகவே இரண்டாவது கோரிக்கை: தேர்வாளர் மேசையை விட்டு எழுந்து வர வேண்டும். இருபது பேர் கொண்ட பேட்ச், மூன்று மணி நேரம், தேர்வாளர் இருவர். ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு முறை, தலா இரண்டு நிமிடம் நின்றால் மொத்தம் 80 நிமிடம். இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 40. முதல் ரீடிங்கை அமைத்ததும் மாணவர் கைதூக்கட்டும். அவர் வாய் திறக்குமுன் நீங்களே வெர்னியரைப் படித்து உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அவர் எழுதியதைப் பாருங்கள். சுழிப்பிழை பார்த்தாரா, கண்ணை அளவுகோலுக்கு நேராக வைத்தாரா, ரீடிங் எடுக்காத நேரத்தில் மின்சுற்றின் சாவியைக் கழற்றினாரா, இவ்வளவுதான். நிறமாலைமானி என்றால் இரண்டு வெர்னியரையும் படித்தாரா என்பதோடு, 360 பாகையைத் தாண்டும் கணக்கையும் பாருங்கள். 341 பாகை 12 கலையிலிருந்து 20 பாகை 20 கலைக்குப் போனால் விலக்கம் 39 பாகை 8 கலை (60 கலை ஒரு பாகை). பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 320 பாகை 52 கலை என்று எழுதிவிட்டு, விடை ஏன் வரவில்லை என்று கலங்கிப்போய்க் கடைசியில் பக்கத்து மேசையைப் பார்க்கிறவர்கள் உண்டு.

அடித்த ரீடிங்குக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பேனாவில் எழுதி, தப்பு என்று தெரிந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, ஏன் என்று ஓரத்தில் ஒரு சொல். அப்படிப்பட்ட தாள்தான் நம்பத்தக்க தாள். பென்சிலில் எழுதிப் பின்பு மை ஏற்றிய அழகான அட்டவணையைக் கண்டால் சந்தேகம் வர வேண்டும்.

புதுச்சேரியில் இதைச் சொல்லும்போது லெ ழான்தி நினைவுக்கு வராமல் போகாது. வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதை அளக்கப் பிரான்சிலிருந்து புறப்பட்ட வானியலாளர். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையிறங்க முடியவில்லை. ஆடும் கப்பலில் இருந்து உருப்படியான ரீடிங் எடுக்க வழியில்லை. வெள்ளி அடுத்த முறை குறுக்கே போகும் வரை எட்டு ஆண்டு காத்திருந்து, இதே ஊரில் ஆய்வுக்கூடம் அமைத்து, 1769 ஜூன் 4 காலை தயாராக நின்றபோது மேகம் மறைத்தது. மறைத்தது என்றே எழுதினார். நம் திட்டப்படி அவருக்கு 'ரிசல்ட்' பூஜ்யம்.

மூன்றாவது கோரிக்கை, விடை தெரியாத பொருளைத் தேர்வில் வையுங்கள். செலவு அதிகம் இல்லை. எஸ்.டபிள்யூ.ஜி. என்ற கம்பித் தடிமன் வரிசையில் 28 எண் கொண்ட கான்ஸ்டன்டன் உலோகக்கலவைக் கம்பி மீட்டருக்கு நாலரை ஓம் அளவு வரும். 40 செ.மீ. முதல் 90 செ.மீ. வரை வெவ்வேறு துண்டாக வெட்டி, சின்ன டப்பாவுக்குள் சுருட்டி மூடி, எண் ஒட்டினால் ஏறக்குறைய 2 ஓமிலிருந்து 4 ஓம் வரை ஆளுக்கொரு மின்தடை. யங் குணகத்துக்குக் கடைத்தெரு மரப்பட்டறையில் தேக்கு, வேம்பு, மா, கடற்கரையெங்கும் நிற்கும் சவுக்கு என்று ஆளுக்கொரு சட்டம் அறுத்து வாங்கலாம். மரத்துக்கு மரம், ஒரே மரத்தில் துண்டுக்குத் துண்டு குணகம் மாறும். 'ஸ்டாண்டர்ட் வேல்யூ' என்று பார்த்து எழுத எதுவுமே இருக்காது. தேர்வுக்கு முன்பே துறையில் ஒருவர் எல்லாச் சட்டத்தையும் அளந்து, முன்பின் அளவோடு ஒரு பட்டியல் வைத்திருந்தால் போதும்.

பழுது கண்டுபிடிப்பதையும் தேர்வாக்கலாம். மின்னழுத்தமானியில், கம்பியின் மேல் நகர்த்தும் தொடுமுனையான ஜாக்கியை எங்கே தொட்டாலும் கால்வனாமீட்டர் முள் ஒரே பக்கம் போனால், முதன்மைச் சுற்று அறுந்திருக்கிறது, அல்லது இரு மின்கலங்களின் நேர்முனைகளும் ஒரே முனையில் சேரவில்லை, அல்லது ஓட்டும் மின்கலத்தைவிடச் சோதிக்கும் மின்கலத்தின் மின்னியக்கு விசை அதிகம். முள் அசையவே இல்லையென்றால் அறுந்தது துணைச் சுற்று. நான்கு மேசையில் நான்கு விதப் பழுதை வைத்து, பத்து நிமிடத்தில் என்ன சோதித்தாய், எதை விலக்கினாய் என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். மூன்று ஆண்டில் இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் விஷயங்களில், வேலைக்குப் போன முதல் வாரமே கைகொடுப்பது அநேகமாக இதுதான்.

இதெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பட்டியலைப் பாதியாக்குங்கள். ஒரு செமஸ்டரில் பத்து பன்னிரண்டு சோதனையை வாரம் ஒன்றாக ஓட்டி, ரெக்கார்ட் எழுதவே வாரம் போய்விடுகிறது. ஆறு சோதனை போதும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். முதல் வாரம் அளக்கட்டும், முன்பின் அளவைக் கணக்கிடட்டும். இரண்டாம் வாரம் அதை எப்படிக் குறைப்பது என்று தாங்களே முடிவு செய்து மறுபடி அளக்கட்டும். இது வெறும் ஆசை இல்லை. ஹோம்ஸ், வீமன், பான் ஆகிய மூவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது (வீமன் 2001இல் நோபல் பெற்றவர்). முதலாண்டு மாணவர்களை, இரண்டு அளவுகளை ஒப்பிட்டு, வித்தியாசம் முன்பின் அளவைவிடப் பெரிதா என்று பார்த்து, அளவை மேம்படுத்தி மறுபடி செய் என்று பழக்கினார்கள். வழக்கமான லேபில் படித்தவர்களைவிட, யாரும் சொல்லாமலே சோதனை முறையை மேம்படுத்த முனைவது இவர்களிடம் 12 மடங்கு அதிகமாக இருந்தது.

அவர்கள் பயன்படுத்திய சோதனைகளில் ஒன்று நம் எளிய தனி ஊசல்தான். 10 பாகை வீச்சில் அலைவு நேரம், 20 பாகை வீச்சில் அலைவு நேரம், இரண்டும் ஒன்றா? 'வீச்சு சிறிதாக இருக்க வேண்டும்' என்று எல்லா ரெக்கார்டிலும் முன்னெச்சரிக்கையாக எழுதியிருக்கிறது. எவ்வளவு சிறிது என்று யாரும் பார்த்ததில்லை. ஒரு மீட்டர் ஊசலுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 0.012 வினாடிக்குள். இருபது அலைவில் அது 0.23 வினாடியாகச் சேர்ந்தாலும் விரலின் தடுமாற்றத்தில் கரைந்துபோகும். ஐம்பது அலைவு எண்ணினால் அரை வினாடியைத் தாண்டி வெளியே தலைகாட்டும். ஆனால் அதற்குள் வீச்சு தேய்ந்துவிடும், காற்றாடியை நிறுத்த வேண்டும், கனமான குண்டு வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். இரண்டு வாரத்துக்கு வேண்டிய இயற்பியல் அதற்குள் இருக்கிறது.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். எல் பை டி ஸ்கொயருக்குச் சராசரி எடுக்கும் பழக்கம் போகட்டும். டி ஸ்கொயரை நீளத்துக்கு எதிராக வரைந்து சாய்வு எடுக்க வையுங்கள். குண்டின் ஆரம் 1 செ.மீ.யைச் சேர்க்க மறந்தவருக்கு 50 செ.மீ.யில் இரண்டு சதவீதம், 100 செ.மீ.யில் ஒரு சதவீதம் பிழை வரும். சராசரி அதை மூடி மறைத்துவிடும். வரைபடத்தில் கோடு ஆதியின் வழியே போகாமல் தள்ளி வெட்டும். சாய்வோ கெடாது. பிழை எது என்பதைக் கோடே காட்டிக்கொடுக்கும்.

பராமரிப்புக்கு வருவோம். கடலுக்குப் பக்கத்து லேப் நம்முடையது. பித்தளைச் சாவிகளிலும் முனைகளிலும் இரண்டு மாதத்தில் களிம்பு ஏறுகிறது. மின்தடை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றில் 2 ஓம் அளக்கும்போது தொடுமுனையில் 0.05 ஓம் ஒட்டிக்கொண்டால் அங்கேயே இரண்டரை சதவீதம் போயிற்று. மாணவர் சோதனையைத் தொடங்குமுன் உப்புத்தாளால் முனைகளைத் தேய்ப்பதையும், மின்தடைகளை இடம் மாற்றி மறுபடி அளப்பதையும் செய்முறையின் முதல் படியாகவே எழுதிவிடுங்கள். நுண்ணோக்கி, நிறமாலைமானி லென்ஸ்களில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நீலம் இளஞ்சிவப்பானால் காயவைக்க ஆய்வக உதவியாளருக்கு நேரமும் உத்தரவும் வேண்டும். தேர்வு நடுவே கரண்ட் போனால் சோடியம் விளக்கு மறுபடி முழு மஞ்சளுக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களை மாணவருக்குத் திருப்பித் தரும் விதி ஒன்று தேர்வுத் தாளிலேயே அச்சாகட்டும்.

மதிப்பெண் பிரிப்புக்கு எங்கள் யோசனை இது. புறத் தேர்வு 75 என்றால், ரெக்கார்டுக்கு 10. தொடங்குமுன் எழுதும் திட்டத்துக்கு 15: எதை எந்தக் கருவியால், எத்தனை முறை, எது விடையை அதிகம் ஆட்டும். தேர்வாளர் நின்று பார்த்த கைத்திறனுக்கு 20. மூல ரீடிங் தாளுக்கு 10. வரைபடம், கணக்கு, முன்பின் அளவு சேர்த்து 15. முடிவும் அதன் விளக்கமும் 5. முழுப் பட்டியலையும் ஒரே ஆண்டில் மாற்றத் தயக்கம் இருந்தால், ஒரே ஒரு சோதனையில், ஒரே ஒரு செமஸ்டரில் தொடங்குங்கள். அதற்கான வினாத்தாளையும் கீழே எழுதித் தருகிறோம். அப்படியே அச்சிடலாம்.

"உமக்குத் தரப்பட்ட மரச்சட்டத்தின் எண்ணை எழுதுக. சட்டத்தைத் தொடுமுன், யங் குணகச் சூத்திரத்தில் உள்ள அளவுகளில் எது விடையை மிக அதிகம் பாதிக்கும் என்பதையும், அதை எப்படி அளக்கப்போகிறீர் என்பதையும் அரைப் பக்கத்தில் எழுதித் தேர்வாளரிடம் கையொப்பம் பெறுக. முதல் நுண்ணோக்கி ரீடிங்கை அமைத்ததும் கைதூக்குக. ரீடிங்குகளை மையால் எழுதுக. தவறானதை அழிக்காமல் ஒரு கோடிட்டுக் காரணம் குறிக்க. யங் குணகத்தை அதன் முன்பின் அளவோடு தருக. இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் எந்த அளவை மறுபடி எடுப்பீர், ஏன் என்று மூன்று வரியில் எழுதுக. புத்தக எண்ணோடு ஒப்பிட வேண்டாம்."

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டார இயற்பியல் ஆய்வக ஆசிரியர்கள் சிலர்